காகிதம் இல்லாத பாகம் பறக்காது!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், சுவாமிமலை)



"மலருக்கு டிபார்ட்மெண்டுக்கு ஒரு கட்டுரை வேணும், நீ எழுதுடா" என்று நம் சங்கச் செயலாளர் சொன்னபோது, டர்பைன் பற்றி எழுதலாமா, கம்ப்யூட்டர் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அதெல்லாம் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அதில் பாதியை நானே தொலைத்தேன். அந்தக் கதையையும், அதிலிருந்து நான் படித்த பாடத்தையும் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு இன்று சாயங்காலமே உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தடவை ஏறிப் பார்த்தீர்கள் என்றால், எழுதியதற்குப் பலன் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

மெழுகு வேலைக்காரரும் ஜெட் விமானமும்

எங்கள் ஊர் சுவாமிமலை. முருகன் கோயிலின் 60 படிகளும், பஞ்சலோக விக்கிரகப் பட்டறைகளும்தான் ஊரின் அடையாளம். என் தாத்தா ஒரு பட்டறையில் மெழுகு வேலை பார்த்தவர். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சி, அதில் சாமியின் உருவத்தை முதலில் செய்வார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே நிற்கும் வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். நம் 'காஸ்டிங்' பாடத்தில் இரண்டு பக்கத்தில் முடிந்துபோகிற விஷயம் இது.

இளைஞராக இருந்தபோது தாத்தாவிடம், பெங்களூரிலிருந்து சிலை வாங்க வந்த ஓர் இஞ்சினியர், "ஜெட் இஞ்சினுக்குள்ளே சுற்றுகிற பிளேடைக்கூட இப்படித்தான் மெழுகில் செய்து வார்க்கிறார்கள்" என்று சொன்னாராம். அவர் சொன்னது உண்மைதான். டர்பைன் பிளேடுக்கு இன்றும் மெழுகு வார்ப்பு முறைதான். வண்டல் மண்ணுக்குப் பதில் செராமிக் ஓடு, பஞ்சலோகத்துக்குப் பதில் நிக்கல் கலந்த உலோகம், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றிலிருந்து தாத்தாவுக்கு ஆகாய விமானத்தின் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. "நம்ம வேலைதாண்டா தம்பி, அங்கே பறக்குது" என்பார்.

அப்புறம் டீக்கடையில் படித்துவிட்டுப் போட்ட பேப்பர், பொட்டலம் கட்டி வந்த பேப்பர், வாத்தியார் வீட்டுப் பழைய வாரப் பத்திரிகை என்று எதில் விமானப் படம் இருந்தாலும் வெட்டி எடுத்து நோட்டில் ஒட்ட ஆரம்பித்தார். 1962-இல் தொடங்கியது. பட்டை அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு, மொத்தம் ஐந்து. மைதா பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து ஒட்டுவார், பூச்சி வராமல் இருக்க. அவர் விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

நான் செய்த தப்பு

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது போகிக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணைக் காலி பண்ணும் வேலை எனக்கு. பழைய பேப்பர்காரர் வாசலில் தராசோடு நின்றார். மேலே கிடந்த இரண்டு நோட்டுகளை எடுத்தேன். பக்கங்கள் பழுப்பேறி, முனை உதிர்ந்து, தொட்டால் பொடிப்பொடியாகக் கொட்டியது. 'குப்பை' என்று நினைத்து மற்ற பேப்பரோடு தராசில் போட்டுவிட்டேன். கைக்கு வந்தது முப்பது ரூபாய் சொச்சம். அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்துத் தாத்தா நோட்டைத் தேடினார். எண்ணிப் பார்த்தார். ஒன்று, மூன்று, ஐந்து இருக்கிறது. இரண்டும் நான்கும் இல்லை. என்னைத் திட்டவில்லை. "போனா போவுது, விடு" என்று சொல்லிவிட்டு மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. கும்பகோணம் போய் அந்தப் பேப்பர்காரரைக் கண்டுபிடித்தேன். "அது அன்னைக்கே லாரி ஏறிப் போச்சே தம்பி" என்றார்.

இரண்டாவது நோட்டில் 1970 முதல் 1979 வரை இருந்தது. ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ ஜெட் 'எம்பரர் அசோகா' 1971-இல் வந்த படத்தை ஒரு பக்கத்திலும், அதே விமானம் 1978 ஜனவரி 1 அன்று பம்பாய்க் கடலில் விழுந்து 213 பேர் இறந்த செய்தியை எதிர்ப் பக்கத்திலும் ஒட்டி, கறுப்பு மையால் கட்டம் போட்டிருந்தாராம். அந்தப் பக்கம் இப்போது தாத்தாவின் வாய்ப்பேச்சில் மட்டும்தான் இருக்கிறது. அவருக்கு வயது 80 தாண்டிவிட்டது.

வகுப்பில் கேட்ட ஒரு வார்த்தை

இந்தச் சம்பவம் நடந்த சில மாதம் கழித்து, எங்கள் துறை சார் ஒருவர் பராமரிப்புப் பாடம் நடத்தும்போது விமானப் பராமரிப்பைப் பற்றிச் சொன்னார். விமானத்துக்கு ஒரு லாக் புக், இஞ்சினுக்குத் தனியாக ஒரு லாக் புக் உண்டு. டர்பைன் டிஸ்க், லேண்டிங் கியர் போன்ற முக்கிய பாகங்களுக்கு ஆயுள் இத்தனை என்று கணக்கு இருக்கும். எந்தத் தொழிற்சாலையில் எப்போது செய்தது, எந்த விமானத்தில் பொருத்தியது, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று பிறந்த நாள் முதல் காகிதம் தொடர்ந்து வரவேண்டும். நடுவில் ஒரு தாள் விட்டுப்போனால், பாகம் பளபளவென்று புதுசு மாதிரி இருந்தாலும் அதைப் பொருத்தக் கூடாது. தூக்கி எறிய வேண்டியதுதான்.

"காகிதம் இல்லாத பாகம் பறக்காது" என்று சொல்லி சார் சாக்பீசைக் கீழே வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. பாகத்துக்கே இப்படியென்றால் சரித்திரத்துக்கு? ஒரு விமானம் பறந்தது என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால், அது பறந்ததா இல்லையா என்று நாளைக்கு யார் சொல்வது?

நம் நாட்டிலேயே இதற்கு இரண்டு உதாரணம் இருக்கிறது. நண்பர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னையில் ஒன்று, பம்பாயில் ஒன்று

முதலாவது சென்னை. கோர்சிகா தீவிலிருந்து வந்து மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி'ஏஞ்சலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டார். சிம்சன் கம்பெனிப் பட்டறையில் அதைச் செய்துகொடுத்தார்கள். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குப் பறந்து காட்டினார். அந்த விமானம் இன்று இல்லை, ஓட்டலும் இல்லை. ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தி இருந்தது. சென்னைச் சரித்திரம் எழுதிய எஸ். முத்தையா போன்றவர்கள் இந்தக் கதையைத் திரும்ப வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷத்துக்குள் நம் சென்னையிலும் விமானம் பறந்தது என்று இன்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

இரண்டாவது பம்பாய். சிவ்கர் பாபுஜி தல்படே என்பவர் 1895-இலேயே சௌபாத்தி கடற்கரையில் ஆளில்லாத விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். ரைட் சகோதரர்களுக்கு எட்டு வருஷம் முன்னால்! கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய தேதி போட்ட பத்திரிகை நறுக்கையோ, படத்தையோ, வரைபடத்தையோ யாரும் எடுத்துக் காட்டவில்லை. பரத்வாஜ முனிவர் பெயரில் உள்ள 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலையும் இதோடு சேர்த்துச் சொல்வதுண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து விமானத்துறையினர் 1974-இல் அந்நூலை ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்டானது, அதில் சொன்ன விமானங்கள் பறக்கத் தகுதியற்றவை என்று முடிவு சொன்னார்கள்.

தல்படே முயற்சியே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தாள் இல்லை, ஆகவே அதைச் சரித்திரத்தில் பொருத்த முடியாது என்றுதான் சொல்கிறேன். வெளிநாட்டு ஓட்டல்காரர் சரித்திரத்தில் ஏறிவிட்டார். நம் ஆள் கதையாகவே நின்றுவிட்டார். எத்தனை வருத்தமான விஷயம்!

ரைட் சகோதரர்களைப் பாருங்கள். 1903 டிசம்பர் 17 அன்று முதல் தடவை பறந்தது 12 வினாடி, 120 அடி தூரம். நம் காலேஜ் மைதானத்தின் பாதிகூட இருக்காது. ஆனால் ஆர்வில் முன்கூட்டியே காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கத்தில் இருந்த கடலோரக் காவல்காரர் ஒருவரை அழுத்தச் சொல்லிப் படம் எடுத்துவிட்டார். அன்றைக்கே டைரியும் எழுதினார், அப்பாவுக்குத் தந்தியும் கொடுத்தார். அவர்களைப் பற்றி வந்த பத்திரிகை நறுக்குகளை ஒட்டிவைத்த புத்தகங்கள் முதற்கொண்டு எல்லாம் இன்று வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1913-இல் டேட்டன் நகரில் வெள்ளம் வந்து அவர்களுடைய கண்ணாடி நெகட்டிவ்கள் தண்ணீரில் மூழ்கின. உலகப் புகழ் பெற்ற அந்த முதல் படத்தின் ஒரு மூலை அதில் அழிந்துவிட்டது. காவிரிக்கரையில் இருக்கிற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தபால் உறையும் ஒரு சாட்சி

பெரிய பெரிய ஆவணம்தான் சரித்திரம் என்று நினைக்க வேண்டாம். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அதுதான். அந்தக் கடித உறைகளும், அவற்றின் மேல் குத்திய முத்திரையும் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. எந்த மியூசியத்துக்கும் முன்னால் அவற்றைக் காப்பாற்றியது கடிதம் வாங்கிய சாதாரண மனிதர்கள்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து 'புஸ் மாத்' என்ற சின்ன விமானத்தில் தபால் பையோடு கிளம்பி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அகமதாபாத்தில் மாட்டு வண்டியில் வந்த டின்களிலிருந்து பெட்ரோல் ஊற்றினார்களாம்! பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். 1938-இல் அந்தத் தபால் விமானம் திருச்சி வழியாகக் கொழும்பு வரைக்கும் போக ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் பினாங்கு, ரங்கூன், கொழும்பு என்று போனவர்கள் நம் தஞ்சை ஜில்லாவில் எத்தனை குடும்பத்தில் இருந்தார்கள்! அவர்கள் எழுதிய கடித உறை ஒன்று உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். தபால்தலைக்காக உறையின் மூலையைக் கிழித்து எடுத்துவிடாதீர்கள். முத்திரையும் தேதியும் போனால் சாட்சியும் போச்சு.

டாட்டா நிறுவனங்களின் பழைய தாள்களைக் காப்பதற்கென்றே புனேயில் ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. டில்லி பாலத்தில் விமானப்படை மியூசியம், பெங்களூரில் எச்.ஏ.எல். மியூசியம் எல்லாம் உண்டு. அங்கே விமானங்கள் இருக்கும். ஆனால் அவற்றை வேலி ஓரம் நின்று பார்த்த நம் ஊர் ஜனங்களின் ஞாபகம் அங்கே கிடைக்காது. அதை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

தனி மனிதனால் முடியுமா என்று கேட்பீர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை, துண்டுப் பிரசுரம், அழைப்பிதழ் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபின் அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆரம்பமானது. உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் அங்கே வருகிறார்கள். கையில் தூரிகை பிடித்த ஒருவர் செய்தது அது. கையில் டிப்ளமோ பிடிக்கப்போகும் நம்மால் ஒரு நோட்டைக்கூடக் காப்பாற்ற முடியாதா?

தேதியைக் கண்டுபிடித்த விதம்

மிஞ்சிய மூன்று நோட்டையும் எடுத்து உட்கார்ந்தேன். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் சிக்கல் இல்லை. 1982-இல் ஜே.ஆர்.டி. தம் 78-ஆம் வயதில் 'லெப்பர்ட் மாத்' விமானத்தில் பழைய கராச்சி-பம்பாய்ப் பயணத்தை மறுபடி செய்தது, 1984-இல் ராகேஷ் சர்மா விண்வெளி போனது, 2001 ஜனவரி 4-இல் தேஜஸ் முதலில் பறந்தது, 2020 ஜனவரி 20-இல் நம் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 படைப்பிரிவு சேர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி எழுதியிருந்தார்.

முதல் நோட்டில்தான் கஷ்டம். அப்போது அவருக்கு அனுபவம் இல்லை. படத்தை அழகாக வெட்டுவதாக நினைத்து பத்திரிகையின் பெயரையும் தேதியையும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டார். நறுக்குப் புத்தகம் போடும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்கிற தப்பு இது.

ஒரு யோசனை வந்தது. பசை விட்டுப்போன இடத்தில் நறுக்கை மெல்லத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு ஜெட் விமானப் படத்தின் பின்னால் 'கர்ணன்' சினிமா விளம்பரம் பாதி தெரிந்தது. அந்தப் படம் வந்தது 1964 பொங்கலுக்கு. ஆகவே நறுக்கும் அந்த ஆண்டை ஒட்டியது என்று தெரிந்தது. இப்படி நெல் விலை, சினிமா விளம்பரம், தேர்தல் செய்தி என்று பின்பக்கத்தை வைத்தே பதினொரு நறுக்குகளுக்கு ஆண்டைக் கண்டுபிடித்தேன். சரியான தேதி வேண்டுமானால் சென்னை கன்னிமாரா நூலகம் போன்ற இடங்களில் பழைய நாளிதழ்களோடு ஒத்துப் பார்க்கலாம். அது என் அடுத்த வேலை.

ஒரு நறுக்குக்கு மட்டும் தேதி தேட வேண்டியிருக்கவில்லை. 1966 ஜனவரி 24-இல் ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' விமானம் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்தில் மோதியது. விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் இறந்தார்கள். 2020-இல் அங்கே பனி உருகியபோது அந்த விமானத்தில் இருந்த இந்தியப் பத்திரிகைகள் வெளியே வந்தன. இந்திரா காந்தி பிரதமராகிற செய்தி அதில் படிக்கும்படி இருந்தது! 54 வருஷம் பனி காப்பாற்றியது. எங்கள் வீட்டில் அதே வாரத்துச் செய்தியை மயில்துத்தம் காப்பாற்றியிருக்கிறது என்று தாத்தாவிடம் சொன்னேன். சிரித்தார்.

நீங்களும் செய்யலாம்: எட்டு விதிகள்

நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாகத் தருகிறேன். விமானம்தான் என்றில்லை, ரயில், பம்புசெட், ரைஸ் மில், எதைப் பற்றிய சேகரிப்புக்கும் இது பொருந்தும்.

1. வெட்டுவதற்கு முன் பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் எழுதுங்கள். இதுதான் அந்த நறுக்கின் லாக் புக்.

2. செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுப்பேறும். அமிலம் உண்டாகி தாள் உதிரும். ஆகவே நல்ல தாளில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவைத்து, மூலத்தை இருட்டில் வையுங்கள்.

3. செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். பெவிகாலும் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. வெள்ளைத் தாளில் சின்ன முக்கோணப் பை செய்து நான்கு மூலையையும் சொருகுங்கள். மயில்துத்தம் பூச்சியை விரட்டும், ஆனால் விஷம். செம்பு உப்பு காகிதத்துக்கும் நல்லதல்ல. தாத்தா காலத்தோடு அதை விட்டுவிடலாம்.

4. லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது. திரும்ப எடுக்க முடியாத எந்த வேலையையும் பழைய தாளில் செய்யக் கூடாது.

5. போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள். மை முன்பக்கம் ஊறும். மெத்தென்ற பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள்.

6. ஐப்பசி மழையில் நம் பக்கத்துச் சுவர் எல்லாம் ஓதம் ஏறும். நோட்டைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பரணில் ஓட்டு ஒழுக்கும் எலியும் உண்டு. பீரோவின் நடுத்தட்டுதான் நல்லது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நாமும் வைக்கலாம், பொடி மட்டும் தாளில் படக் கூடாது.

7. ஸ்கேன் எடுங்கள். நறுக்குக்கு 300 டி.பி.ஐ., போட்டோவுக்கு 600. செல்போனில் எடுத்தால் பிளாஷ் போடாமல், திண்ணை நிழலில் நேராகப் பிடித்து எடுங்கள். பைலின் பெயர் வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கட்டும். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம்.

8. எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு ஒரு பதிவேடு வையுங்கள். இந்த எட்டாவது விதி இல்லாவிட்டால் மற்ற ஏழும் வீண். நம் ஸ்டோர் ரூம் ஸ்டாக் ரிஜிஸ்டர் மாதிரிதான்.

தெரியாததைத் தெரியாது என்று எழுது

முதல் நோட்டின் நடுவில் ஒரு போட்டோ இருக்கிறது. பத்திரிகை நறுக்கு அல்ல; யாரோ காமிராவில் எடுத்த அசல் படம், உள்ளங்கை அளவு. வயல் மாதிரி ஒரு வெளியில் இரட்டை இஞ்சின் விமானம் ஒன்று வாலைத் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் வேட்டி கட்டிய ஜனங்கள், ஒரு சைக்கிள், தோளில் குழந்தையோடு ஒருவர். தாத்தாவின் அண்ணன் கொடுத்ததாம். அவர் இப்போது இல்லை.

"இது எங்கே தாத்தா?" என்று கேட்டேன். "திருச்சிடா" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டால், "தஞ்சாவூர்ல, யுத்தத்தப்போ போட்ட மைதானத்துல" என்றார். மூன்றாவது வாரம் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆளின் தோளுக்கு மேலே விமானத்தின் உடம்பில் 'வி.டி.' என்று இரண்டு எழுத்து தெரிகிறது. இந்தியாவில் பதிவான சிவில் விமானங்களுக்கெல்லாம் அந்த எழுத்தில்தான் பதிவு எண் தொடங்கும். ஆகவே இது ராணுவ விமானம் இல்லை, பயணிகள் விமானமாக இருக்கலாம். உருவத்தைப் பார்த்தால் டக்கோட்டா போலிருக்கிறது. அடுத்த மூன்று எழுத்து தெரிந்தால் எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று பதிவேட்டில் தேடிவிடலாம். ஆனால் அந்த மூன்று எழுத்தையும் தோளில் இருக்கும் குழந்தையின் தலை மறைக்கிறது!

'திருச்சி, 1955' என்று எழுதிவிட என் கை துறுதுறுத்தது. எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் நான் இப்படி எழுதினால், எனக்கு அப்புறம் வருகிறவன் அதை நம்புவான். பம்பாய்க் கதை இப்படித்தானே வளர்ந்திருக்கும்? பென்சிலை எடுத்துப் பின்பக்கம் எழுதினேன்: 'இடம், ஆண்டு தெரியவில்லை. திருச்சி அல்லது தஞ்சாவூர் என்று தாத்தா சொன்னார். சிவில் விமானம், வி.டி. பதிவு. டக்கோட்டாவாக இருக்கலாம்.' கீழே என் பெயரும் அன்றைய தேதியும்.

தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். "தெரியலேன்னு எழுதறதுக்கு ஒரு நோட்டாடா?" என்று கேட்டார். பிறகு அவரே கொஞ்ச நேரம் கழித்து, "அச்சுல குறை இருந்தா மூடக் கூடாது தம்பி. மூடி வார்த்தா சிலையில தெரிஞ்சிடும். அது சரிதான்" என்றார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் இருவரும் உட்காருகிறோம். தொலைந்துபோன இரண்டு நோட்டிலும் என்னென்ன இருந்தது என்று தாத்தா சொல்லச் சொல்ல நான் ஒரு புது நோட்டில் எழுதுகிறேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'தாத்தா சொன்னது, நறுக்கு இல்லை' என்று குறிப்பும் போடுகிறேன். இதுவரை 43 வந்திருக்கிறது. சில வாரம் நிறையச் சொல்கிறார். சில வாரம் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதோ!

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு, ஓர் உறை, ஒரு போட்டோ இருக்கும். அதைவிட முக்கியமாக, அது எங்கே எடுத்தது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இன்னும் இருப்பார். தாளைப் பூச்சி அரிக்கப் பத்து வருஷம் ஆகும். மனுஷ ஞாபகம் அவ்வளவு நாள் காத்திருக்காது. முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதுங்கள்.

பழைய பேப்பர்காரர் வாசலில் வந்து நிற்கும்போது ஒரு நிமிஷம் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.